மூன்று விரல் உப்பு, ஒரு பிடி வெல்லம்

சென்ற தவணையில் உயர்தர உயிரியல் வகுப்பில் சிறுகுடலில் நடைபெறும் அகத்துறிஞ்சலைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். குளுக்கோசு தனியாகக் கலத்தினுள் நுழைவதில்லை, சோடியம் அயனின் துணையோடுதான் நுழைகிறது, இரண்டும் உள்ளே போகும்போது நீரும் பின்னால் போகிறது என்று கரும்பலகையில் வரைந்து காட்டினேன். பின் வரிசையில் இருந்த ஒரு மாணவி கையை உயர்த்தி, "டீச்சர், இது பல்தேர்வில வருமா, கட்டுரையில வருமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை வேறு எதைக் கேட்பாள்?

நான் பதில் சொல்லாமல் என் கைப்பையில் எப்போதும் கிடக்கும் ஜீவனி பைக்கற்றை எடுத்து மேசையில் வைத்தேன். இதைத் தெரியாத வீடு நம் நாட்டில் இல்லை. "நீங்கள் இப்போது எழுதிய இரண்டு வரிதான் இந்தப் பைக்கற்றுக்குள் இருக்கிறது. இதைக் கண்டுபிடித்தவர் யார்?" என்றேன். யாரோ ஒருத்தி "வெள்ளைக்காரன்" என்றாள். வகுப்பு சிரித்தது. கால்வாசி சரியான அந்த விடைக்கு மீதி முக்கால்வாசியையும் சொல்லத் தொடங்கினேன். மணி அடித்துவிட்டது. சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். பெற்றோரும் வாசிக்கும் மலர் என்பதால் இன்னொரு காரணத்துக்காகவும் எழுதுகிறேன்.

அந்தக் காரணம் என் உம்மும்மா. அவருக்கு இப்போது 88 வயது. அவருடைய மூத்த பிள்ளை, அதாவது நான் காணாத என் பெரிய மாமா, 1957ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பிறகு ஒன்றரை வயதில் வயிற்றோட்டத்தில் மௌத்தானார். வெள்ளம் வடிந்த பின் கிணறுகள் எல்லாம் கலங்கிக் கிடந்தனவாம். பிள்ளைக்கு வயிற்றால் போகத் தொடங்கியதும் வீட்டில் இருந்த பெரியவர்கள், "தண்ணி குடுக்காத, குடுத்தா இன்னும் போகும்" என்று சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை தண்ணீர் கேட்டு அழுதது. பிறகு அழுவதற்குக் கண்ணீரும் இல்லாமல் போனது. இதை உம்மும்மா எங்களுக்குச் சொன்னது இரண்டே தடவைதான். இரண்டு தடவையும் ஒரே வசனத்தில் முடித்தார்: "கேட்டுக் கேட்டுத்தான் புள்ள மௌத்தான, நான் குடுக்கல்ல."

அவரைக் குற்றம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரையும் உணவையும் நிறுத்துவதே மருந்து என்று அக்காலத்தில் பல நாடுகளில் தாய்மார் நம்பினார்கள். வைத்தியர்களிலும் பலர் குடலுக்கு ஓய்வு வேண்டும் என்றே சொன்னார்கள். ஆனால் ஒரு விடயம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த வெள்ளத்துக்கு நான்கு வருடங்களுக்கு முன்பே, 1953இல், கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்ற வைத்தியர் 186 கொலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாயால் கொடுத்துக் குணப்படுத்திவிட்டு, அதை லான்செட் மருத்துவ இதழில் எழுதியும் இருந்தார். அது ஏன் வேலை செய்கிறது என்று அவரால் விளக்க முடியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு நோயாளர் குழுவும் இருக்கவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு பெரிய பல்கலைக்கழகமோ, உலக அமைப்போ, கிராமத்துக்குப் போகும் ஆட்களோ இல்லை. கட்டுரை இதழிலேயே தங்கிவிட்டது.

விளக்கம் 1960இல் வந்தது. ரொபர்ட் கிரேன் என்ற உயிரிரசாயனவியலாளர் பிராக் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில், குடற்சுவரில் சோடியமும் குளுக்கோசும் ஒன்றாகவே கடத்தப்படுகின்றன என்ற கருத்தை முன்வைத்தார். கொலராக் கிருமியின் நஞ்சு குடலிலிருந்து நீரை வெளியே தள்ளும். ஆனால் இந்த இணைக் கடத்தும் வாயிலை அது பூட்டுவதில்லை. முன்கதவால் வெள்ளம் வெளியேறிக்கொண்டிருக்கும்போதே பின்கதவால் நீரை உள்ளே கொண்டுவரலாம். அந்தக் கதவின் சாவிதான் குளுக்கோசு. வெறும் தண்ணீரோ வெறும் உப்புநீரோ கொடுத்தால் போதாமல் போவது இதனால்தான்.

அதே 1960ஆம் ஆண்டின் இறுதியில், அன்று கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த நாட்டின் டாக்காவில் கொலரா ஆராய்ச்சி ஆய்வுகூடம் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவர்களின் நோக்கம் முழுவதும் தூய்மையானது என்று நான் சொல்லமாட்டேன். தென்கிழக்காசிய ஒப்பந்த அமைப்பு என்ற இராணுவக் கூட்டணியின் கீழ், பெரிதும் அமெரிக்காவின் பணத்தில் வந்த நிறுவனம் அது. ஆசியாவில் தமது படைவீரர்களுக்குக் கொலரா வந்துவிடக்கூடாது என்ற கவலையும் அதில் இருந்தது. ஆனாலும் அங்கு வந்த இளம் வைத்தியர்கள் டாக்கா வாட்டில் கண்டது படைவீரர்களை அல்ல. ஏழைகளைத்தான் கண்டார்கள்.

கொலரா வாட்டின் கட்டில் எப்படி இருக்கும் தெரியுமா? கன்வஸ் துணியின் நடுவில் ஒரு துவாரம், கீழே ஒரு வாளி. நோயாளியின் உடலிலிருந்து எத்தனை லீற்றர் வெளியேறுகிறது என்று அந்த வாளி காட்டும். 1968இல் டேவிட் நளின், ரிச்சர்ட் காஷ் என்ற இரு இளம் அமெரிக்க வைத்தியர்கள், உள்ளூர் வைத்தியர்களுடனும் தாதியருடனும் சேர்ந்து செய்த பரிசோதனையின் இரகசியம் அந்த வாளியில்தான் இருந்தது. வெளியேறிய அளவை அளந்து, அதே அளவை வாயால் குடிக்கக் கொடுத்தார்கள். நாளத்தின் வழியாக ஏற்ற வேண்டிய சேலைனின் பெரும்பகுதி தேவையற்றுப் போனது. இதற்குச் சில வருடங்களுக்கு முன் பிலிப்பைன்ஸில் செய்யப்பட்ட ஒரு முயற்சியில், கரைசலின் செறிவு பிழைத்து நோயாளர் சிலர் இறந்திருந்தார்கள். அதனால் மேலதிகாரிகளுக்குப் பயம் இருந்தது. அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். அளவு பிழைத்தால் உப்பும் நஞ்சுதான்.

அடுத்த கட்டம் 1971. விடுதலைப் போரின்போது ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்தார்கள். எல்லைப்புற ஊரான பொங்காவுனில் இருந்த சிறிய வைத்தியசாலையில் கட்டில்கள் நிறைந்து, நோயாளிகள் தரையில் கிடந்தார்கள். கல்கத்தாவில் இருந்த ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மையத்தில் வேலை செய்த வைத்தியர் திலீப் மஹலனாபிஸ் அங்கு போனார். சேலைன் முடிந்துகொண்டிருந்தது. குழாய் ஏற்றத் தெரிந்தவர்களும் போதவில்லை. அவர் ஒரு தீர்மானம் எடுத்தார். ஒரு லீற்றர் நீருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் அப்பச்சோடா. இவற்றைக் கல்கத்தாவில் நிறுத்துப் பொலித்தீன் பைகளில் போட்டு, துணி அழுத்தும் அயனால் ஒட்டி மூடிக் கொண்டுவந்தார்கள். பீப்பாய்களில் கரைத்து வைத்து, தாய்மாரிடமும் உறவினரிடமும் கோப்பையைக் கொடுத்து, "குடிக்கக் கொடுங்கள்" என்றார்கள். முகாம்களில் கொலரா கண்டவர்களில் நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த அந்த நாட்களில், அவருடைய பராமரிப்பில் இருந்தவர்களிடையே அது நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவாக இறங்கியது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது குளுக்கோசோ சோடாவோ அல்ல. மருந்து தாதியின் கையிலிருந்து தாயின் கைக்கு மாறியதுதான். வைத்தியத்துறை அதை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. அவருடைய கட்டுரையும் உடனே பிரசுரமாகவில்லை. 1973இல்தான் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவ இதழில் வந்தது. ஆனால் உலக சுகாதார ஸ்தாபனத்தில் இருந்த திமான் பருவா என்ற வைத்தியர் முகாமுக்கே வந்து கண்ணால் பார்த்துவிட்டுப் போயிருந்தார். 1978இல் அந்த ஸ்தாபனம் வயிற்றோட்டக் கட்டுப்பாட்டுக்கென உலகளாவிய திட்டம் ஒன்றைத் தொடங்கியதற்குப் பின்னால் அவருடைய விடாப்பிடி இருந்தது. யுனிசெப் நிறுவனம் பைக்கற்றுகளை நாடு நாடாக அனுப்பியது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும் அல்லவா? முடியவில்லை. பங்களாதேஷின் கிராமங்களுக்குப் பைக்கற்று போய்ச் சேரவில்லை. மழைக்காலத்தில் ஊர் தீவாகிவிடும். கடை தூரம். காசும் இல்லை.

இங்கேதான் ஓர் அரச சார்பற்ற நிறுவனம் வருகிறது. பஸ்லே ஹசன் ஆபித் ஒரு கணக்காளர். எண்ணெய்க் கம்பனியில் பெரிய பதவியில் இருந்தவர். 1970ஆம் ஆண்டுச் சூறாவளியும் அடுத்த வருடப் போரும் அவரைத் திசை திருப்பின. லண்டனில் இருந்த தமது வீட்டை விற்ற பணத்தையும் போட்டு 1972இல் பிராக் என்ற அமைப்பைத் தொடங்கினார். (செக் நாட்டின் தலைநகர் அல்ல. பெயர் ஒற்றுமைதான்.) வடகிழக்கின் சுல்லா என்ற பின்தங்கிய பகுதியில் முதல் வேலை. அங்கேதான் 1979இல் ஒரு கேள்வி எழுந்தது: பைக்கற்று வராவிட்டால், தாயின் சமையலறையில் இருப்பதை வைத்தே இதைச் செய்ய முடியாதா?

வங்காளத்தில் உப்பு லொபொன், கரும்பு வெல்லம் குர். மூன்று விரல் நுனியால் கிள்ளிய உப்பு, நான்கு விரலால் அள்ளிய ஒரு பிடி வெல்லம், அரைச் சேர் தண்ணீர். அரைச் சேர் என்றால் ஏறத்தாழ அரை லீற்றர். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் தன் கையையே தராசாக்கிக்கொள்ளலாம். ஆனால் ஒருவர் கை பெரிது, ஒருவர் கை சிறிது. பானையும் வீட்டுக்கு வீடு வேறு. பல்கலைக்கழகப் படிப்பின் பயன் இங்கே தெரிகிறது. கிராமத்துப் பெண்கள் கலந்த கரைசல்களை மாதிரியாக எடுத்து, டாக்காவின் ஆய்வுகூடத்தில் சோடியத்தின் அளவைப் பரிசோதித்தார்கள். பெரும்பாலானவை பாதுகாப்பான எல்லைக்குள் இருந்தன. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாத்திரத்தில் அரைச் சேர் மட்டத்தில் அடையாளம் இடும் வழக்கமும் வந்தது. அந்தக் கீறலை ஒரு பெரிய விஞ்ஞானக் கருவி என்றே நான் கருதுகிறேன்.

1980 முதல் 1990 வரை, பிராக் அமைப்பின் பெண் பணியாளர்கள் ஒரு கோடி 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குக் கால்நடையாகவும் படகிலும் போனார்கள். பெரும்பாலும் இளம் பெண்கள். குழுவாகப் போய், ஊரிலேயே தங்கி, ஒரு தாயின் முன்னால் அமர்ந்து பத்து விடயங்களைச் சொல்லி, அவளையே கலக்கச் செய்து பார்ப்பார்கள். அக்காலக் கிராமத்தில் பெண் பிள்ளைகள் இப்படி ஊர் ஊராகப் போவதை எல்லோரும் நல்ல கண்ணால் பார்க்கவில்லை. போனார்கள். வீட்டுக்குள் தாயோடு பேச அவர்களால்தான் முடிந்தது.

சம்பளம் கொடுத்த முறை விசித்திரமானது. எத்தனை வீட்டுக்குப் போனாய் என்று கேட்கவில்லை. சில வாரங்கள் கழித்து வேறொருவர் போய், எழுந்தமானமாகத் தெரிவு செய்த வீடுகளில், தாய்க்கு எத்தனை விடயம் ஞாபகம் இருக்கிறது, அவள் கலக்கும் கரைசல் சரியா என்று பார்ப்பார். அந்தத் தரத்துக்கு ஏற்பவே பணியாளரின் கொடுப்பனவு. படிப்பித்ததற்கு அல்ல, பிள்ளை படித்ததற்குச் சம்பளம்! ஆசிரியையான எனக்கு இதை எழுதும்போது சற்று வியர்க்கிறது.

அப்படியும் தோல்வி வந்தது. தாய்மார் பாடத்தைச் சரியாக ஒப்புவித்தார்கள். ஆனால் பிள்ளைக்கு வயிற்றால் போனபோது மிகச் சிலரே அதைக் கலந்து கொடுத்தார்கள். ஏன் என்று ஆராய்ந்தபோது இரண்டு உண்மைகள் வெளிவந்தன. முதலாவது, பணியாளர் பலருக்கே அதில் நம்பிக்கை இருக்கவில்லை. தங்களுக்கு வயிற்றோட்டம் வந்தால் அவர்கள் வேறு மருந்து வாங்கினார்கள். ஆகவே மத்லப் என்ற ஊரில் இருந்த ஆய்வுகூடத்தின் வைத்தியசாலைக்கு அவர்களை அழைத்துப் போய், வாடி வதங்கி வந்த நோயாளி கரைசலைக் குடித்தே எழுந்து உட்காருவதைக் காட்டினார்கள். இரண்டாவது, வீட்டு ஆண்களிடம் யாரும் பேசவில்லை. பிறகு ஆண் பணியாளர்கள் பள்ளிவாசல்களிலும் சந்தைகளிலும் பாடசாலைகளிலும் விளக்கினார்கள். வானொலியும் சேர்ந்துகொண்டது. பயன்பாடு உயர்ந்தது.

இந்த வரலாற்றை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? 2015இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட 17 நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளை நீங்கள் பொது அறிவுக்காக மனனம் செய்கிறீர்கள். அவற்றில் 17ஆவது, பங்குடைமை. பல்கலைக்கழகமும் அரச சார்பற்ற நிறுவனமும் உலக அமைப்பும் அரசும் கைகோக்க வேண்டும் என்று அது சொல்கிறது. பத்திரிகையில் நாம் காண்பதோ, இருவர் கோப்பு மாற்றிக்கொண்டு கமராவைப் பார்த்துச் சிரிக்கும் படம். படத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்ற செய்தி வருவதில்லை. பொங்காவுனில் யாரும் அப்படிப் படம் எடுத்ததாகத் தெரியவில்லை. ஆனால் அங்கே பல்கலைக்கழகம் அளந்தது, உலக அமைப்பு வந்து பார்த்து மற்ற நாடுகளுக்குச் சொன்னது. பத்து வருடத்தில் கிராமத்து அமைப்பு நடந்தது, நடந்தவர்கள் கண்ட தோல்வி மீண்டும் ஆய்வுகூடத்துக்குத் திரும்பி வந்தது. அந்தத் திரும்பி வருதல் இல்லாவிட்டால் பங்குடைமை வெறும் நன்கொடைதான். இதற்கும் குறை இல்லாமல் இல்லை. நீண்ட காலம் பணமும் தலைமைப் பதவிகளும் வெளிநாட்டார் கையிலேயே இருந்தன. கட்டுரைகளில் பெயர் வந்தவர்கள் சிலர், நடந்த பெண்களின் பெயர்களோ நமக்குத் தெரியாது.

டாக்கா ஆய்வுகூடம் 1978இல் சர்வதேச வயிற்றோட்ட நோய் ஆராய்ச்சி மையமாக மாறியது. இன்றும் இயங்குகிறது. 1966 முதல் மத்லப் பகுதியில் ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் பதிந்து வருகிறது. பிராக் அமைப்பு 2001இல் ஒரு பல்கலைக்கழகத்தையே தொடங்கியது. 2004இல் அங்கே பொதுச் சுகாதாரக் கல்விக்கான பிரிவு ஒன்று, அந்த ஆராய்ச்சி மையத்தின் துணையோடு திறக்கப்பட்டது. யுனிசெப் தலைவராக இருந்த ஜேம்ஸ் கிராண்டின் பெயர் அதற்கு. இளைஞராக வாளியை அளந்த ரிச்சர்ட் காஷ் அங்கே வந்து படிப்பித்தார். மாணவர்களைக் கிராமத்துக்கு அனுப்பிப் படிக்கச் செய்வது அதன் வழக்கம். பங்களாதேஷில் 1990இல் பிறந்த 1,000 பிள்ளைகளில் 140க்கும் மேற்பட்டோர் ஐந்து வயதுக்குள் இறந்தார்கள். இப்போது அது 30 அளவில் இருக்கிறது. தடுப்பூசி, பெண்கல்வி, உணவு எல்லாம் அதற்குக் காரணம். உப்பும் வெல்லமும் அவற்றில் ஒன்று. உலகில் இன்னமும் ஆண்டுதோறும் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறுவர்கள் வயிற்றோட்டத்தால் இறக்கிறார்கள் என்பதையும் மறைக்கக்கூடாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கைக்கணக்கு என்பது பைக்கற்று கிடைக்காத ஊருக்கும் காலத்துக்கும் உரியது. நமக்குக் கடை அருகில் இருக்கிறது. 2002இல் திருத்தப்பட்ட சூத்திரத்தில் உப்பும் குளுக்கோசும் முன்பைவிடக் குறைவு, அது பிள்ளைகளுக்கு மேலும் நல்லது. பைக்கற்றில் எழுதியிருக்கும் அளவு நீரில் முழுப் பைக்கற்றையும் கரையுங்கள். பாதியைக் கொட்டிக் குறைந்த நீரில் கலக்காதீர்கள், சீனி சேர்க்காதீர்கள், ஒரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். பிள்ளை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்துக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்த வேண்டாம். கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, பிள்ளை குடிக்க முடியாமல் சோர்ந்தாலோ வீட்டில் வைத்திருக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது இந்தக் கதையை உம்மும்மாவுக்குச் சொன்னேன். சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பழைய புண்ணைக் கிளறுவதாகிவிடுமோ என்ற பயம். அவர் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி முழுவதையும் கேட்டார். கிரேனையும் பல்கலைக்கழகங்களையும் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அந்தப் பொம்புளப் புள்ளைகள் மழைக்காலத்திலயும் போனாங்களா?" என்றார். "ஓம் உம்மும்மா, தோணியில போனாங்க" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எவ்வளவு உப்பெண்டு சொன்ன?" என்று கேட்டார். நான் மூன்று விரலைச் சேர்த்துக் காட்டினேன். அவரும் தமது நடுங்கும் மூன்று விரலைச் சேர்த்து, வெறுங்காற்றில் ஒரு கிள்ளுக் கிள்ளி, அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.